தம்பி ஓட்டிய வண்டி

மார்ச் 1, வெள்ளி

கிளினிக்கில் நல்ல கூட்டம். பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவளுடைய தனிமை ஒரு மாதிரியானது. நாள் முழுக்க வாயைத் திறக்க வந்தவர்கள் நடுவில்தான் இருக்கிறேன், ஒருவரும் பேசுவதில்லை. உள்ளே போகும்போது பயத்தில் பேச்சு வராது. வெளியே வரும்போது மரத்துப்போய் வராது.

வீட்டுக்கு வந்து டிவியில் வானிலை சொல்லும் பெண்ணிடம், "என்னம்மா, மழை வருமா?" என்று கேட்டேன். வராது என்றாள். இன்று எனக்கு வாய்த்த பேச்சு அவ்வளவுதான்.

நாளை மறுநாள் தம்பி வருவான்.

மார்ச் 3, ஞாயிறு

வாங்கி வந்த பையைக்கூடப் பிரிக்கவில்லை. முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

வழக்கம்போல் தம்பி வந்தான். கடைக்குப் போய் வாரத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு ஏரிப் பக்கமாகத் திரும்பினோம். அந்தச் சாலை ஒடுக்கம், இரண்டு பக்கமும் கம்பி வேலி. வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு குதிரை. மேலே ஒரு பெண், பளிச்சென்ற ஆரஞ்சு மேல்சட்டை, தலையில் ஹெல்மெட். ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். எங்களைக் கவனித்து, மெதுவாக வரும்படி கையைத் தாழ்த்திக் காட்டினாள்.

"ரோடு என்ன இவங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றான் தம்பி. ஹாரன். இன்னொரு ஹாரன். பிறகு ஆக்சிலேட்டரில் ஒரே மிதி.

என் பக்கத்துக் கண்ணாடியை உரசுகிற மாதிரி குதிரையின் வயிறு போயிற்று. அதன் கண்ணைப் பார்த்தேன், வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் குதிரை இரண்டு காலில் நின்றது. அவள் கீழே. குதிரை வேலியில் மோதிக்கொண்டு ஓடுகிறது.

"நிறுத்துடா! நிறுத்து!"

"எந்திரிச்சிட்டாக்கா. கண்ணாடில பாத்தேன்."

எழுந்திருக்கவில்லை. நானும்தானே பார்த்தேன். வளைவு மறைக்கும் வரை அந்த ஆரஞ்சு தரையோடுதான் கிடந்தது.

வீட்டு வாசலில் பையை இறக்கி வைத்துவிட்டு, "யார்கிட்டயும் உளறி வைக்காத" என்றான். நான் யார்கிட்டடா பேசுறேன்? எனக்கு யாரு இருக்கா?

மார்ச் 4, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 6, புதன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குதிரை லாயத்துக்குப் பஸ் ஏறினேன். கால் இழுத்தது, போனேன்.

ஏரிச் சாலையில் பஸ் திடீரென்று நிதானமானது. முன்னால் இரண்டு குதிரைகள் ஜோடியாகப் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் ஹாரனைத் தொடவே இல்லை. நல்ல இடைவெளி விட்டுப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். பின் சீட்டில் ஒருவர், "ஊர்வலமா போறோம்? ஏறிப் போய்யா!" என்று கத்தினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "அவசரம்னா இறங்கி ஓடுங்க சார். நான் அங்க வந்து உங்கள ஏத்திக்கிறேன்" என்றார். பஸ்ஸே சிரித்தது. சாலை அகன்றதும் அந்தப் பக்க ஓரம் வரை ஒதுங்கி, பூனை மாதிரி தாண்டினார். தாண்டிய பிறகும் உடனே வேகம் எடுக்கவில்லை. குதிரையில் இருந்தவர்கள் கை உயர்த்தினார்கள். டிரைவரும் ஒரு விரலை உயர்த்தினார்.

ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம். அவ்வளவுதான் ஆயிற்று. அதற்காகவா என் தம்பி...

லாயக்காரம்மா முழங்கால் வரை சேறாக வந்தார். எதிரே கொட்டடியில் ஒரு பழுப்புக் குதிரை, முன்னங்காலில் கட்டு. அதன் பெயர் சோம்பேறி. "இடி விழுந்தாகூட அசையாது, அதான் அந்தப் பேரு. இப்ப வாளி கீழ வெச்சாலே நடுங்குது" என்றார். விழுந்தவள் வங்கியில் வேலை பார்ப்பவள். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"யார் வண்டின்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"வெள்ளக் காருன்னு மட்டும் சொல்றா. ஊருல பாதிப் பேரு வெச்சிருக்கான்." சேற்றுக் கையை முந்தானையில் துடைத்தார். "பின்னாடி வர்றது காரா சிங்கமான்னு குதிரைக்குத் தெரியாதும்மா. ஹாரன் அடிச்சா சிங்கம்னு முடிவு பண்ணிடும். சத்தம் போடாம மெதுவா வந்து, ஒரு காரு போற அளவு தள்ளிப் போனாப் போதும். நாங்க என்ன சொத்தையா எழுதிக் கேக்குறோம்?"

நீங்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

மார்ச் 7, வியாழன்

தம்பியைக் கூப்பிட்டேன். இடுப்பு முறிந்ததைச் சொன்னேன்.

"நீயே போய்ச் சொல்லிடுடா. நானும் கூட வரேன்."

"மருந்து விக்கிறவன்க்கா நானு. நாலு ஊரு சுத்தணும், வண்டிதான் சோறு போடுது. லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்றது? நீ சோறு போடுவியா?"

போட்டிருக்கிறேனே. அம்மாவும் அப்பாவும் போன பிறகு யார் போட்டார்களாம்? வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொல்லிக்காட்டினால் போட்ட சோறெல்லாம் வீண்.

"சனிக்கிழம வரைக்கும் யோசி" என்றேன்.

மார்ச் 9, சனி

அவன் கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக்கு நானே போனேன்.

என்னைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். பக்கத்தில் யாரும் இல்லை. தண்ணீர் பாட்டிலைக் கைக்கு எட்டாத இடத்தில் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். லாயத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல.

"சோம்பேறி சாப்பிடுறானா?"

"சாப்பிடுது" என்றேன். பிறகு, "அந்தக் கார்ல நான் இருந்தேன். ஓட்டுனது என் தம்பி" என்றேன்.

திட்டுவாள் என்று இருந்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"என்னைத் திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் பாத்துட்டே இருந்தேன். நிக்கும், நிக்கும்னு." பாட்டில் மூடியை இறுக்கினாள். அப்புறம், "நீங்க இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போலீசுக்கு நீங்க சொல்லித்தான் ஆகணும். ஆனா மொதல்ல அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. பின்னாடியிருந்து வந்து திடுக்கிட வெச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

மார்ச் 10, ஞாயிறு

தம்பி வந்தான். நேரில் சொன்னேன். நாளை ஸ்டேஷனுக்குப் போகிறேன், நீயும் வா, நீயாகச் சொன்னால் மரியாதை மிஞ்சும் என்றேன்.

நின்றபடியே கேட்டான். முகம் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் ஆகுமே, அப்படி ஆயிற்று.

"வளத்த கடா மாருல பாயும்பாங்க. இங்க வளத்தவளே பாயுறா" என்றான்.

"அவ ரோட்டுல கெடந்தாடா. அந்த எடத்துல நான் கெடந்திருந்தா?"

"நீ எதுக்கு குதிர மேல ஏறப் போற?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அது பதிலா? அடப்பாவி, அது ஒரு பதிலாடா?

செய்து வைத்த சாப்பாடு இரண்டு பேருக்கானது. மூடி வைத்திருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்டேஷன்காரர், "ஓட்டுனவரு உங்களுக்கு என்ன உறவு?" என்றார். சொன்னதும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "யோசிச்சுதான் சொல்றீங்களா?" யோசித்துத்தான்.

மார்ச் 17, ஞாயிறு

யாரும் வரவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

கடைக்கு நடந்தே போய் வந்தேன். ஓரமாக நடக்கும்போது தெரிகிறது, ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு கிட்டே போகிறது என்று. ஒரு லாரி தாண்டிய வேகத்தில் பையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் உருண்டு சாக்கடைக்குப் போயின. குதிரையாக இருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

மே 12, ஞாயிறு

தீர்ப்பு வந்துவிட்டதாம். அபராதம், ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் ரத்து. தம்பி பெண்டாட்டிதான் போனில் சொன்னாள். அழுதாள், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கம்பெனியில் அவனை ஆபீசுக்குள் உட்கார வைத்துவிட்டார்களாம். வேலை போகவில்லை. அதைக் கேட்டதும் நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

வங்கிப் பெண்ணைப் பார்க்க லாயத்துக்குப் போனேன். ஊன்றுகோலோடு வேலிவரை வருகிறாள். சோம்பேறி அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. எங்கள் இருவருக்கும் பேச அதிகம் இல்லை. டீ குடித்தோம். "மறுபடி ஏறுவீங்களா?" என்றேன். "ஏறணும்னு இருக்கு. ரோட்டுல ஒரு சத்தம் கேட்டா ஒடம்பு கல்லாயிடுது" என்றாள். அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை. கிளம்பும்போது, "அடுத்த வாரமும் வாங்க" என்றாள். மனசு ஒரு வாய் தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

தம்பி பிறந்தநாள். கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாள். பின்னணியில் குழாய்ச் சத்தம். சமையலறையிலிருந்து ரகசியமாகப் பேசினாள்.

"அண்ணி, அவருக்கு லைசென்ஸ் வந்துடுச்சு. பழையபடி வண்டியிலதான் போறாரு."

"எப்படி ஓட்டுறான்?"

"அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நேத்து ஒரு பெரியவர் சைக்கிள்ல மூட்ட வெச்சுக்கிட்டு ஆடி ஆடிப் போறாரு. இவரு அவர் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டு வர்றாரு. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுத் தீக்குறான். 'அடிடா, நல்லா அடி'ன்னு சொல்லிட்டு, அந்தப் பெரியவர் சந்துக்குள்ள திரும்புற வரைக்கும் தாண்டவே இல்ல. எனக்கே கடுப்பாயிடுச்சு அண்ணி!"

சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டு.

"என்னைப் பத்தி எதாவது..."

குழாய் நின்றது. "நான் பேச்செடுத்தா டிவி சத்தத்தக் கூட்டிடுறாரு, அண்ணி." பிறகு, "இப்ப தூங்குறாரு. எழுப்பிப் பேசச் சொல்லவா?"

"வேணாம்மா. தூங்கட்டும். பாத்து ஓட்டுறான்ல, அது போதும்."

போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இங்கே எழுதும்போது பொய் எதற்கு? போதவில்லை.