கருவாட்டுக் காவல்

14-2-1954, ஞாயிறு இரவு

காரை இன்று விற்றுவிட்டேன். மண்டிக்கு லாரி எடுக்க வேண்டும், வேறு வழியில்லை. துறைமுகத்துத் துரை கப்பலேறும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன கார் அது.

வாங்க வந்தவர் திருவொற்றியூர் லாரி ஷெட் ஏழுமலை. சாவியைத் திருப்பினார், கிளம்பவில்லை. எஞ்சினிலிருந்து கழற்றி மடியில் முடிந்து வைத்திருந்த சாமானை எடுத்து மாட்டினேன். வேப்பமரத்தோடு பிணைத்திருந்த மாட்டுச் சங்கிலியை அவிழ்த்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து கருவாட்டுப் பையை இழுத்ததும் அவர் குதித்து இறங்கிவிட்டார்.

"இன்னா அண்ணாச்சி, இது காரா, கருவாட்டுக் கடையா?"

"நாத்தம் இருந்தா திருடன் கிட்ட வரமாட்டாம்லா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய கதையையும் சொன்னேன். சங்கிலி வாங்குமுன் ஒரு ராத்திரி எவனோ காரை ரயில்வே கேட் வரை தள்ளிப் போயிருந்தான். விடிந்ததும் நானும் ஞானம்மாளும் ஓடிப்போய்ப் பார்த்தால் கார் பத்திரமாக நிற்கிறது, கருவாட்டுப் பையைத்தான் காணோம். நடுரோட்டில் நின்று அவள் சிரித்தாளே, கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எஞ்சின் சாமானை வீட்டிலேயே விட்டு ஓடியிருந்ததால், திரும்பும்போது அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன்.

ஏழுமலை பிடித்துக்கொண்டார். "திருடனே வாணாம்னு வுட்டுட்டுப் போன வண்டி. இதுக்கு நீ சொல்ற வெல ஜாஸ்தி அண்ணாச்சி."

வாயால் கெட்டேன். கார் கைவிட்டுப் போகிறதே என்று காலையில் உள்ளே போன ஞானம்மாள் வெளியே வரவில்லை. அதனால் விலையை இறக்கி, வேறொன்றைக் கேட்டு வாங்கினேன்.

ஆயிரத்து நூறு, ரொக்கம். மாதம் ஒரு ஞாயிறு கார் இங்கே வரும். ஞானம்மாளை ஏற்றிக்கொண்டு மாதா கோயிலுக்கு நான்தான் ஓட்டுவேன். பெட்ரோல் அவருடையது.