விலைக்கு வராத கால்

ஜனவரி 9, செவ்வாய்

இன்று மஞ்சள் பனியன் மூன்று பேருக்கு. எங்கள் கால்பந்து கிளப்பில் செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆட்டம் என்றால் சந்தை நாள் என்று அர்த்தம். விற்கப்போகிற ஆட்களுக்கு முதலாளி மஞ்சள் மாட்டிவிடுவார். வாங்க வந்தவர்கள் மேல்படியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மஞ்சளை யாரும் தொடக்கூடாது. மற்றவர்களுக்கு நீலம். நீலமும் நீலமும் அடித்துக்கொண்டு செத்தாலும் கேட்பாரில்லை.

நான் பதினொரு வருஷமாக நீலம். பின்வரிசையில் நிற்கிற முப்பத்துமூன்று வயதுத் தடியனை எவன் வாங்குவான்? ரசிகர்கள் எனக்கு வைத்த பெயர் சம்மட்டி. இன்று ஒருத்தனின் உதட்டை முழங்கையால் கிழித்தேன், மூன்று தையல். அவன்தான் முதலில் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

மச்சினனுக்கு இன்றும் மஞ்சள். ஊரே குருவி என்று கூப்பிடுகிறது. என் மனைவியின் தம்பி. நான்தான் கையைப் பிடித்து இந்தக் கிளப்புக்குக் கூட்டிவந்தேன். ஆறு வாரமாக அவனைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவன் யாரிடமும் போகமாட்டேன் என்கிறான், இங்கேயும் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறான். ஜூனில் பழைய ஒப்பந்தம் முடிந்ததும் பிடித்த இடத்துக்குக் கிளம்பிவிடுவான். முதலாளிக்குச் சல்லிக்காசு வராது. பயல் கெட்டிக்காரன்.

ஜனவரி 11, வியாழன்

முதலாளி கூப்பிட்டனுப்பினார். கிளப்பை வாங்குவதற்கு முன்னால் அவர் பழைய கப்பல்களை உடைத்து விற்றவர். அவர் அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் எங்கள் இருபத்தாறு பேர் போட்டோவும் குண்டூசியில் குத்தியிருக்கிறது.

"உன் மச்சினன் கையெழுத்தும் போடமாட்டேங்கிறான், விக்கவும் விடமாட்டேங்கிறான்."

"நான் பேசிப் பார்க்கிறேன் சார்."

"பேசி முடிச்சாச்சு. ஓடுற கப்பலா இருந்தா முழுசா விப்பேன். இல்லேன்னா உடைச்சு விப்பேன். சும்மா மட்டும் எவனுக்கும் விட்டதில்ல. அவன் காலுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கேன். இனிமே ஆட முடியாதுன்னு டாக்டர் எழுதினாப் போதும். இவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் கிளம்பாம இருப்பாங்க."

எனக்கு மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வேற யார் செஞ்சாலும் சந்தேகம் வரும். நீ அக்கா புருஷன். உன் ஒப்பந்தமும் ஜூன்லதானே முடியுது? ரெண்டு வருஷம் நீட்டித் தர்றேன். அடுத்த செவ்வாய் அவனுக்கு நீலம்."

மேஜையைத் தாண்டி எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அவர் முதுகு பலகையில் மோதி, போட்டோக்கள் உதிர்ந்தன. என் கட்டைவிரல் அவர் குரல்வளையில் இருந்தது. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதும் அந்த ஆள் சிரித்தார். விட்டதும் இருமிக்கொண்டே சொன்னார்: "இதுதான். இந்தக் கோபத்துக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

ஏன் விட்டேன்? இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் — சரி, அழுத்தவில்லை.

ஜனவரி 12, வெள்ளி

கோச்சிடம் சொன்னேன். "எனக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேணாம்" என்று காதைப் பொத்திக்கொண்டார். அலமாரிக் கதவை உதைத்தேன். கதவு நசுங்கியது, என் பெருவிரல் நகமும் போயிற்று. வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. மகள் நகத்தைப் பார்த்துவிட்டு மருந்து போட்டாள்.

ஜனவரி 14, ஞாயிறு

செய்யமாட்டேன். எழுதி வைக்கிறேன், செய்யமாட்டேன்.

ஜனவரி 15, திங்கள்

குருவியின் வாடகை அறைக்குப் போனேன். பூட்ஸுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தான். "நாளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்கோ, மைதானத்துப் பக்கமே வராதே" என்றேன். விஷயத்தையும் சொன்னேன். பயப்படுவான் என்று நினைத்தேன்.

"முதலாளி அனுப்பினாரா மாமா?"

"டேய், நான் உன்னைக் காப்பாத்த வந்திருக்கேன்."

"பயமுறுத்தினா கையெழுத்துப் போட்டுருவேன்னு பாக்குறாரு. அதுக்கு உங்களைத் தூது விட்டிருக்காரு. உங்களுக்கு எத்தனை வருஷம் தர்றேன்னாரு?"

குனிந்து, கீழே கிடந்த நூலைப் பொறுக்கினேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். "அக்காவுக்குத் தெரியுமா, நீங்க இப்படி எடுபிடி வேலை பாக்குறது?"

ஓங்கி அறைந்தேன். மூக்கிலிருந்து ரத்தம் வந்து பூட்ஸில் சொட்டியது. துடைக்கக்கூட இல்லை. "நாளைக்குக் கண்டிப்பா வருவேன். முடிஞ்சாப் பிடிங்க" என்றான்.

நல்லது செய்யப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். திமிர் பிடித்தவன்.

ஜனவரி 16, செவ்வாய்



அவனுக்கு நீலம். நான் அவனை விட்டு விலகியே நின்றேன். சத்தியமாக விலகியே நின்றேன். அவன்தான் தேடித் தேடி வந்தான். முதல் தடவை என் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தள்ளிவிட்டு ஓடினான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவையும் அப்படியே. "வயசாயிடுச்சு மாமா" என்று சிரித்தான். மேல்படியில் முதலாளியும் சிரித்தார்.

மூன்றாவது தடவை வந்தபோது நான் பந்தைப் பார்க்கவில்லை.

சத்தத்துக்கு அந்தக் கோடியில் நின்ற கோல்கீப்பர் திரும்பிப் பார்த்தான். இடது கால், முட்டிக்குக் கீழே. காலுறைக்குள் எலும்பு முட்டிக்கொண்டு நின்றது. அவன் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வாயில் திணித்துக்கொண்டான்.

முதலாளிக்காகச் செய்யல. அந்தாளுக்காக இல்லடா. அவன் சிரிச்சான், நான் அடிச்சேன், அவ்வளவுதான். யார் நம்புவா? நானே நம்புறேனா?

ஜனவரி 17, புதன்

ஆஸ்பத்திரி. இரும்புத் தகடு வைத்திருக்கிறார்கள். நடக்கலாம், ஆட முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். என் மனைவி நடைவழியில் என் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "தெரியாமத்தானேங்க பட்டுச்சு?"

"ஆமா."

குருவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜனவரி 19, வெள்ளி

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். காரணங்களை வரிசையாக எழுதினேன் — வீடு, மகள் படிப்பு, வேறு தொழில் தெரியாதது. படித்துப் பார்த்தேன், அடித்துவிட்டேன். உடைந்த கால் உடைந்ததுதான், கையெழுத்தை மட்டும் ஏன் விடவேண்டும் என்று நினைத்தேன். அதுதான் நிஜம்.

ஜனவரி 21, ஞாயிறு

கிளப் ஆள் ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நான் உள்ளே வந்தபோது அவள் அடுப்படியில் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தாள். தலையிலேயே தேதி இருந்தது. ஜனவரி 15 என்று டைப் அடித்திருந்தது. நான் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"என் தம்பி கால் போனது பதினாறாம் தேதி."

நான் வாயைத் திறக்கும் முன் குக்கர் மூடி வந்து நெற்றியில் விழுந்தது. பிறகு கரண்டி, பிறகு வெறும் கை. நான் தடுக்கவில்லை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. "இவ்வளவு நாளும் உன் கையால மைதானத்துல அடி வாங்கினவங்களைப் பார்த்துப் பாவம்னு சொல்லுவேன். என் வீட்டுக்குள்ளயே கொண்டுவந்துட்டியேடா" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக 'டா' போட்டாள். மகளின் பள்ளிப் பையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 23, செவ்வாய்

வீடு. நெற்றியில் ஐந்து தையல். அவள் போன் எடுக்கவில்லை.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று எனக்கு மஞ்சள். உடுப்புக்காரர் பனியனை என் கையில் திணித்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். ஆட்டத்தில் யாரும் என்னைத் தொடவில்லை. பந்தைக்கூட என் பக்கம் அனுப்பவில்லை. 

மதியம் விற்றுவிட்டார்கள். முதலாளியிடம் போய்க் கத்தினேன். "ரெண்டு வருஷம்னு சொன்னீங்களே!"

"தந்தேனே. ரெண்டு வருஷம் மிச்சம் இருந்தாத்தானே உனக்கு விலை? உன் வயசுல, ஜூன்ல முடியற ஆளை எவன் வாங்குவான்?" என்றார் நிதானமாக. பலகையிலிருந்து என் போட்டோவை உருவி என்னிடமே கொடுத்தார். நாற்காலியைத் தூக்கினேன். இரண்டு காவலாளிகள் இருந்தார்கள். விலா எலும்பு இன்னும் வலிக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

புது ஊர், புது கிளப். இந்த முதலாளி மெத்தை செய்து விற்கிறவர். மெதுவாகப் பேசுகிறார். வாங்க, உக்காருங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டார். தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் பக்கம் தள்ளினார். இருபது வயதுகூட இருக்காது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"இவருக்கும் ஜூன்லதாங்க முடியுது. எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். உங்களைப் பத்தி உங்க பழைய முதலாளி ரொம்ப உயர்வாச் சொன்னாரு."

மேஜை அகலம் குறைவுதான். அவர் கழுத்து கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டீயைக் குடித்து முடித்தேன்.

எந்தக் கால் என்று கேட்டேன்.