விழுந்த கை

மார்ச் 4

என் மனைவியை இன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்து கிடப்பவளை எப்படி எழுப்புவது, எப்படி உட்காரவைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்டால், கட்டிலுக்கு அடுத்த ஆள் காத்திருக்கிறாராம். கையில் ஒரு பை மாத்திரையைத் திணித்ததோடு சரி.

மார்ச் 9

எழுப்புவதற்குள் என் இடுப்பு ஒடிகிறது. நல்ல கையால் அவள் கட்டிலைப் பிடித்துக்கொள்கிறாள். விழுந்த கையைப் பிடித்து நான் இழுக்கிறேன். வலிக்கிறது என்கிறாள்.

மார்ச் 17

தோள்மூட்டு இறங்கிவிட்டதாம். மறுபடி அதே ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர் என்னை முறைத்தார்.

"அந்தக் கையைப் பிடிச்சா தூக்கினீங்க?"

பிடிக்கக் கூடாதென்று எவன் சொன்னான்? இவள் தையல்காரி. துணியை நகர்த்த இடது கை வேண்டும். அந்தக் கையை நானே — சே.

மார்ச் 19

பக்கத்திலேயே புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். சிகிச்சை முடிந்தவர்களுக்கு நடைப் பயிற்சி, கைப் பயிற்சி, நர்ஸ் கவனிப்பு. திடீரென்று என்ன அக்கறை என்று மேலாளரிடம் கேட்டேன். மனிதர் ஒளிக்கவில்லை.

"வீட்டுக்கு அனுப்பினா திரும்பி வர்றாங்க, எங்க பேர் கெடுது. இங்கேயே வெச்சுக்கிட்டா ஆபரேஷனுக்குக் கட்டில் இல்ல. அதான்."

ஆக, கட்டில் காலியாக வேண்டும். எங்கள் மேல் இரக்கம் ஒன்றும் இல்லை! இவளை அங்கே விடமாட்டேன் என்று கத்திவிட்டு வந்தேன்.

மார்ச் 20

இவள் சொன்னது: "அவங்க எதுக்குக் கட்டினாங்கன்னு நீங்க சண்டை போட்டுட்டு இருங்க. எனக்குக் கை வேணும். நான் போறேன்."

மார்ச் 23

சேர்த்தாயிற்று. பயிற்சி தரும் பெண் முதலில் என்னைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னாள். இடது பக்கத்தை அசைக்கக் கூடாதாம். ஒருக்களித்துத் திருப்பி, காலைக் கீழே இறக்கி, முதுகை அணைத்தாள்; உட்கார்ந்துவிட்டேன். கையைத் தொடவே இல்லை.

இவ்வளவுதானா? இதைச் சொல்ல ஒரு கட்டடமா வேண்டும்? அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

ஏப்ரல் 2

ரவிக்கையில் விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டுமாம். தானே போட்டுக்கொண்டாள். கொக்கி மட்டும் நான்.

ஏப்ரல் 26

வீடு திரும்பினோம். இவள் கோலூன்றி நடந்தாள். பழைய கட்டட வாசலில் ஒருவன், கை விழுந்த தன் அப்பாவை அந்தக் கையைப் பிடித்தே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நர்ஸ், மாத்திரைப் பையோடு. இன்னுமா? வந்த கோபத்தில் அந்த நர்ஸைத் திட்டித் தீர்த்தேன். பிறகு அந்தப் பையனுக்கு எப்படி அணைத்து ஏற்றுவது என்று காட்டிக்கொடுத்தேன். அவன் அப்பா ஏறிய பிறகும் நர்ஸிடம் எனக்கு வாய் ஓயவில்லை.

பின்னாலிருந்து யாரோ சட்டையை இழுத்தார்கள்.

"போதும், வாங்க" என்றாள் இவள். இழுத்தது இடது கை.