சீட்டில் இல்லாத ஆறு பேர்

ஜூலை 8, செவ்வாய்

காற்று. பல்லில் மணல். பொன்னேரி பஸ் இருபது நிமிடம் தாமதம். தலைமை ஆசிரியை என் முகத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். (இனி த.ஆ. முழுதாக எழுதக் கை வரவில்லை.)

பீரோ சாவி கேட்டேன். தரவில்லை. புத்தகம் வீட்டுக்குப் போனால் மீன் வாடையோடு திரும்பி வருகிறதாம். குப்பத்துப் பள்ளியில் உட்கார்ந்துகொண்டு மல்லிகை வாசம் வேண்டுமாம் மகராசிக்கு. மூன்று வகுப்போடு நூலகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் தலையில் கட்டியதும் இவர்தான், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதும் இவர்தான்.

புதிதாக வந்த பன்னிரண்டு புத்தகங்கள் மட்டும் என் மேசையில். அவை மட்டும்தான் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் வருகின்றன. அதற்கும் ஆபத்து. வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். "புத்தகங்களைப் பள்ளிக்குள்ளேயே படிக்க வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார். நிறைவேறினால் பன்னிரண்டும் பீரோவுக்குள். பிறகு அதிகாரி ஆய்வுக்கு வருகிற அன்று மட்டும் தூசி தட்டி வெளியே வரும்.

என் பலம் பாடு. ஏரியில் வலை கட்டும் இடங்களை ஊர்க்காரர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள், அதுதான் பாடு. புத்தகத்துக்கு அடிதடி நடந்தபோது ஐந்தாம் வகுப்பு கலையரசிதான் "டீச்சர், பாடு போட்டுக்கலாம்"னு சொன்னாள். டிபன் டப்பாவில் சீட்டு. வாரம் ஒரு முறை. பெயர் எழுதுவது, குலுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு. ஐந்து வாரமாகச் சண்டை இல்லை, ஒரு புத்தகமும் தொலையவில்லை. குழுவில் இருக்கும் அவள் நைனாவுக்கு ஒரே பெருமை. "இன்னா டீச்சர், ஏரி சட்டத்தையே பள்ளிக்கூடத்துக்குக் கொணாந்துட்டீங்களே!" ஓட்டு என் பக்கம்தான்.

வாங்க வேண்டியவை: பசை, வெள்ளை நூல், தலைவலி மாத்திரை.

ஜூலை 9, புதன்

மேகம். மழை இல்லை, புழுக்கம்தான்.

மூன்றாம் வகுப்பு துர்கா காலையில் யானைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். நனைந்து, காய்ந்து, அப்பளம் மாதிரி. பக்கங்களுக்கு நடுவே நெத்திலிச் செதில். "அம்மா வல மேல காய வச்சாங்க டீச்சர்." கருவாடு காய்கிற வலையில்! பக்கம் பக்கமாகத் திருப்பிப் போட்டாராம்.

இன்னும் இரண்டு நாள் கழித்து நனைத்திருக்கக் கூடாதா? கத்திவிட்டேன். "உங்களை எல்லாம் நம்பிக் குடுத்தேன் பாரு, எனக்கு நல்லா வேணும்." வகுப்பே திரும்பிப் பார்த்தது. அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

த.ஆ.வுக்குக் கொண்டாட்டம். புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடினார், கொலைக் கேஸ் தடயம் போல. இருப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் "சேதம்" என்று எழுதி நீக்கினார். "வெள்ளிக்கிழமை இத ஒண்ணு காட்டுனா போதும் டீச்சர்" என்றார், வடை தின்றுகொண்டே. அந்த வடை தொண்டையில் சிக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

நாளைய பேச்சுக்காகப் புத்தக நோட்டிலிருந்து பெயர்களை எடுத்து எழுதினேன். இந்த வாரம் துர்கா பெயர் இல்லை. போன வாரமும் இல்லை. முதல் சீட்டிலிருந்தே இல்லை. யானைப் புத்தகம் கலையரசி பெயரில்.

கலையரசியைக் கூப்பிட்டேன். அழுதாள். நைனாவின் படகில் வைத்துப் படிக்கும்போது ஏரியில் நழுவிவிட்டதாம், சொல்லப் பயமாம். துர்காவின் அம்மா தண்ணீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிப்பவர். அவர் கையில் அகப்பட்டிருக்கிறது. பள்ளி முத்திரையைப் பார்த்துக் காயவைத்து மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நான் அந்த மகளைத்தான் திட்டியிருக்கிறேன்.

"சரி, துர்கா பேரு ஏன் சீட்டுல இல்ல?"

அழுகை நின்றது. இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள். "அவுங்களுக்குப் பாடு கெடையாதே டீச்சர். பாடு ஊருக்குத்தான். அவுங்க கையாலதான புடிக்கிறாங்க."

வருகைப் பதிவேட்டோடு நோட்டை ஒத்துப் பார்த்தேன். சீட்டில் இல்லாதவர்கள் ஆறு குழந்தைகள். ஆறும் கையால் பிடிக்கிற வீடுகள். ஐந்து வாரமும் நோட்டின் அடியில் கையெழுத்துப் போட்டது நான். ஒரு தடவை எண்ணிப் பார்த்தேனா? த.ஆ. பூட்டினால் நாற்பது பேருக்கும் பூட்டு. நான் ஆளைப் பார்த்துப் பொறுக்கி ஆறு பேரை வெளியே நிறுத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நாளை வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயிப்பேன். ஜெயித்த பிறகு மெதுவாக ஆறு பெயரையும் சேர்த்தால் என்ன? கலையரசி பார்ப்பாள். அன்றைக்கே அவள் நைனாவுக்குத் தெரியும்.

மாத்திரை இரண்டு போட்டும் தலைவலி.

ஜூலை 11, வெள்ளி

கூட்டம். டீ, மிக்சர், ஒன்பது பேர். துர்காவின் அம்மா வாசல்படியில், ஈரப் புடவையோடு. உள்ளே வாங்க என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

த.ஆ. உறையைத் தூக்கிக் காட்டினார். "காலனிப் புள்ளைங்க கையில குடுத்தா இந்தக் கதிதான்."

பேசிவிட்டேன். புத்தகத்தை ஏரியில் போட்டது துர்கா இல்லை, எடுத்துக் கொடுத்தது அவள் அம்மா. போட்டது யார் என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் சீட்டில் நாற்பது பெயரும் இருக்கும் என்றேன்.

கலையரசியின் நைனா எழுந்தார். "அப்ப அதுக்குப் பாடுன்னு பேரு வைக்காதீங்க. இன்னிக்கு புக்குல சீட்டு கேப்பாங்க, நாளைக்கு ஏரியில கேப்பாங்க. உங்களுக்கு இன்னா, பஸ் ஏறிப் பூடுவீங்க."

"புக்குக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்?"

"நீங்கதான டீச்சர் முடிச்சுப் போட்டீங்க?"

மனுஷன் சொன்னது உண்மை.

த.ஆ. தேன் ஒழுகும் குரலில்: "எதுக்குங்க சண்ட? எல்லாப் புக்கும் பீரோவுலயே இருக்கட்டும்." எட்டுக் கைகள் உயர்ந்தன. ஊரும் த.ஆ.வும் ஒத்துப்போய் இன்றுதான் பார்க்கிறேன். வாசலுக்கு வந்தபோது துர்காவின் அம்மா இல்லை. இறால் வாங்கும் வியாபாரியின் வண்டி வந்துவிட்டதாம்.

ஜூலை 14, திங்கள்

வெயில். பதினொரு புத்தகம் பீரோவுக்குள். கலையரசி என்னிடம் பேசவில்லை, சீட்டு டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

பன்னிரண்டாவது, உறையோடு, த.ஆ.வின் குப்பைக்கூடையில். பதிவேட்டிலிருந்து நீக்கிய புத்தகம், தீர்மானம் அதைத் தொடாது. எடுத்து உறையைக் கிழித்தேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே சந்தோஷம். த.ஆ.வின் சிவப்பு மையாலேயே அவரை ஜெயித்துவிட்டேனாம்.

சாப்பாட்டு நேரம். துர்கா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். நீட்டினேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. திருப்பித் தர வேணாம். உனக்குத்தான்."

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். வாங்கத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் டீச்சர். இதுக்குத்தான் திட்னீங்க."

மணி அடித்துவிட்டது. புதன்கிழமை திட்டியதற்கு இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. புத்தகம் என் பையில். பை முழுக்க நெத்திலி வாடை.