எந்தக் கை

புதுச்சேரி,
28.9.1987

மரியாதைக்குரிய வூட்டுக்காரருக்கு சாலம்மாள் எழுதுவது.

கடலூர் ஜெயிலில் வேளைக்குச் சோறு கிடைக்கிறதா? இந்த ஆஸ்பத்திரியில் எனக்குத் தண்ணீர்கூட அளந்துதான்.

ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தது தப்பில்லை. ஆனால் நீங்கள் உளுந்தூர்பேட்டை ரோட்டில் வெட்டிப் போட்ட புளியமரங்களைத் தாண்டித் தாண்டி, மூச்சு முட்டிய என்னை என் தம்பி கந்தசாமிதான் ஆஸ்பத்திரிக்கு முதுகில் சுமந்தான். அது உங்களுக்குத் தெரியட்டும்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதாம். வாரம் இரண்டு தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். அதற்கு இப்போது தொடையில் குழாய் வைத்திருக்கிறார்கள்; ரொம்ப நாள் விட்டால் சீழ் பிடிக்குமாம். கைக்கு வெளியே குழாய் பொருத்தினால் அடைத்துக்கொள்ளுமாம். மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தால் வருஷக்கணக்கில் தாங்கும், பதப்பட ஆறு வாரம் ஆகும் என்கிறார் டாக்டர். பிறகு அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது. உங்கள் சம்மதம் கேட்கிறார்கள்.

சாலம்மாள்

கடலூர் சிறை,
3.10.1987

அன்புள்ள சாலாவுக்கு,

மரத்தைச் சொல்லிக் காட்டாதே. ஊருக்காகச் செய்தது. டாக்டருக்கே சம்மதக் கடிதம் போட்டுவிட்டேன். பீச்சாங்கையில் தைக்கச் சொல்லியிருக்கிறேன். அதனால் நமக்கு நஷ்டமில்லை. வலது கை இருந்தால் தை அறுப்புக்கு ஆகும். உளுந்து காய் பிடித்ததா, எப்படி இருக்கிறது என்று கந்தசாமியைக் கேட்டு எழுது. டாக்டர் சொன்னபடி நட.

வீரமுத்து

புதுச்சேரி,
14.10.1987

வூட்டுக்காரருக்கு,

டாக்டர் வார்டுக்கு வந்து உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினார். "இடது கைதானேம்மா?" என்றார்.

"இல்லீங்க சார். நான் நொட்டாங்கைக்காரி. அருவா புடிக்கிறது இதுலதான்."

"அப்ப அவருக்கு எழுதிக் கேட்கட்டுமா?"

"அவரு உள்ள இருக்காரு. கை என்னுது. பேப்பரக் குடுங்க."

நானே கையெழுத்துப் போட்டேன். வலது மணிக்கட்டில் தைத்தார்கள். தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போல் அதிர்கிறது.

பதினாறு வருஷம் உங்களோடு நெல் அறுத்தேன். என் அரிவாள் அடுத்தவர் மேல் பட்டுவிடும் என்று என்னை எப்போதும் ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். ஏன் என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்தீர்களா? சோறு தின்கிற கையை மட்டும்தான் பார்த்தீர்களா?

இனி நம்மூர் களமருதூருக்கு வரமாட்டேன். மெஷினுக்குப் பக்கத்தில், இங்கே அக்கா வீட்டில்தான் இருப்பேன். தை அறுப்புக்கு வேறு ஆள் பாருங்கள்.

உளுந்து எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க மனசு வந்தால் மட்டும் பதில் போடுங்கள்.

சாலம்மாள்