பூ வைத்த தட்டு

2 செப்டம்பர் 1981

இன்று முதல் இந்த நோட்டில் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. கொல்லிமலைமேல் ஆணையாகச் சொல்கிறேன், நம்பவே மாட்டார்கள். எருமப்பட்டி வெள்ளியங்கிரி வாயைத் திறந்தால் வெங்காயம் தேங்காயாகிவிடும் என்று ஊரில் பேர். பேர் சரிதான். போன வருஷம் என் காட்டில் விளைந்த வெங்காயம் ஒன்றை உரிக்க இரண்டு ஆளும் ஓர் ஏணியும் வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள் வசந்தாமணி நாமக்கல்லில் பன்னிரண்டாவது படிக்கிறாள். தொழிற்பிரிவு, மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஆளுக்கொரு பட்டறையில் ஆறு வாரம் வேலை பழக வேண்டும். பட்டறையை அவரவரே தேடிக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் செய்முறைத் தேர்வு கிடையாது, படிப்பு அத்தோடு சரி. பையன்கள் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. இவள் ஏறிய படியெல்லாம் ஒரே பதில்: "பொம்பளப் புள்ளைய எங்கம்மிணி உக்கார வெக்கறது?"

அவள் அப்பா மருதாசலம் மச்சான், இடம் கிடைக்காவிட்டாலும் நல்லதுதான் என்கிற முகத்தோடு மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"மாமா, உங்களுக்குத்தான் எல்லாரையும் தெரியும்னு சொல்லுவீங்களே?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கிறேன். டில்லி வரைக்கும் ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

"ஒரு வாரம் பொறு சாமி. பட்டறைக்காரனெல்லாம் உன்னைத் தேடி வண்டி கட்டிக்கிட்டு வருவான்" என்றேன்.

தலையாட்டினாள். ஊரிலேயே என்னை இன்னும் நம்புகிறவள் இவள் ஒருத்திதான்.

6 செப்டம்பர்

பஸ்ஸில் காதில் விழுந்தது. திருச்செங்கோட்டில் செங்கோடன் என்று ஒருவராம். பெரிய பட்டறை, சுத்துப்பட்டுக் கிணற்று மோட்டாரெல்லாம் அவரிடம்தான் போகிறதாம். எங்கள் சனம்தான், கூட்டம் என்கிற குலம் மட்டும் வேறு. வீட்டை ஒட்டியே பட்டறை. பெண்பிள்ளைக்குப் பத்திரமான இடம். புதன்கிழமை போகிறேன்.

9 செப்டம்பர்

போனேன். வென்றேன்.

சாதாரண மனிதன் வெறுங்கையோடு போய், "இடம் இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டு வருவான். வெள்ளியங்கிரி அப்படிப் போகலாமா? சரிகைக்கரை வேட்டி, தோளில் பட்டுத்துண்டு. பெரிய எவர்சில்வர் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. மேலே நாலு முழம் மல்லிகை.

"பூ எதுக்குங்க?" என்றாள் பாப்பாயி. என் சம்சாரம்.

"பட்டறையில சாமி படம் இருக்காதா?"

என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பெரிய மனிதர்கள் தனியாகப் போவதில்லை என்பதால் பக்கத்துக் காட்டுச் சின்னண்ணனையும் கூட்டிக்கொண்டேன்.

செங்கோடன் எங்கோ கிணற்றுக்குப் போயிருந்தார். வீட்டுக்கார அம்மா குஞ்சம்மாள் எங்களை உட்காரவைத்தது. தட்டைப் பார்த்தது. பூவைப் பார்த்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்தது. மோர் வந்தது, காப்பி வந்தது, முறுக்கு வந்தது. என்ன கூட்டம் என்று கேட்டது. "பொண்ணுக்குத் தாய்மாமனுங்களா!" என்று சந்தோஷப்பட்டது. நானும் அவிழ்த்துவிட்டேன். எங்கள் வசந்தாமணி வகுப்பில் எழுந்தால் வாத்தியார் உட்கார்ந்துவிடுவார். அவள் தொட்டால் செத்த மோட்டார் எழுந்து நின்று கும்பிடும். அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் பல்.

வேலை பழகுகிற சமாச்சாரத்தைச் செங்கோடனிடம்தான் பேசுவது என்று வைத்திருந்தேன். வந்ததும் வராததுமாக விஷயத்தைப் போட்டு உடைப்பது அற்பர்கள் பழக்கம். அவர் வரவில்லை, பஸ் நேரமாகிவிட்டது. அந்த அம்மா தட்டில் சர்க்கரையும் மஞ்சளும் குங்குமமும் வைத்துத் திருப்பிக் கொடுத்தது. "ஞாயித்துக்கெழம நாங்களே அங்க வாரமுங்க" என்றது.

நேரில் வந்து பார்த்துத்தான் எடுப்பார்களாம். எவ்வளவு பெரிய பட்டறை!

10 செப்டம்பர்

என்ன கேட்டாலும் சொல்ல வேண்டும் என்று வசந்தாமணி கரித்துண்டால் சுவரெல்லாம் காயில் படம் போட்டுப் பழகுகிறாளாம்.

13 செப்டம்பர்

எப்படி எழுதுவேன்.

அக்கா வீட்டுக்கு வேனில் வந்தார்கள். பட்டறைக்காரர், குஞ்சம்மாள், நடுவில் புதுச் சட்டையில் அவர்கள் மகன் கண்ணுசாமி, பின்னால் சொந்தக்காரப் பெண்கள். கையில் ஒரு தட்டு. தட்டில் பூ.

அப்போதுதான் புரிந்தது. தாய்மாமன் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, கல்யாண வயதில் பையன் இருக்கிற வீட்டுக்குப் புதன்கிழமையாகப் பார்த்துப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சீமையில் கைக்குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லையே. நான் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு கேட்டுவிட்டது.

மச்சானுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாழ்நாள்ல ஒரு நல்ல காரியம் பண்ணிட்ட மாப்பிள்ளை" என்று காதோடு சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. முப்பது பேரை உட்காரவைத்து விடிய விடியப் பேசுகிற வாய் இது.

வசந்தாமணிக்கு யாரோ அவசரமாகச் சேலை சுற்றிவிட்டார்கள். காப்பித் தட்டோடு வந்தாள். தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. செங்கோடன் காதைத் தீட்டிக்கொண்டு, "சத்தம் சரியில்லீங்களே" என்றார்.

"பேரிங் தேஞ்சிருச்சுங்க. இப்பவே மாத்தலைன்னா காயில் போயிரும். அப்பா கேக்க மாட்டேங்கறாரு" என்றாள் வசந்தாமணி, காப்பியை நீட்டியபடி.

சொந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குஞ்சம்மாள் சிரித்தது. "பட்டறைக்கு ஒரு ஆள் கூலி மிச்சம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

14 செப்டம்பர்

"மாமா, ஒரு தடவையாச்சும் எனக்குப் பட்டறையில எடம் வேணும்னு வாயத் தொறந்து கேட்டீங்களா?"

இல்லை.

18 செப்டம்பர்

நேற்றுப் புரட்டாசி பிறந்தது. இந்த மாதம் கல்யாணப் பேச்சு ஆகாது, ஐப்பசியில் உறுதி செய்துகொள்ளலாம் என்று முடிவு. அதன்பின் பள்ளிக்கூடம் எதற்கு என்கிறார் மச்சான். காலாண்டுப் பரீட்சை முடியப்போகிறது. அவளுக்கு இன்னும் இடம் இல்லை.

இன்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். அலங்காரம் இல்லாமல் சொன்னேன். "மச்சான், நான் பொண்ணு பேசப் போகலீங்க. புள்ளைக்கு வேலை பழக எடம் கேக்கத்தான் போனேன்."

மாட்டுக் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"பூவும் பழமும் வெச்சு வேலை கேக்கப் போனியாக்கும்! மாப்பிள்ளை, நீ உட்டதுலயே இதுதான் பெரிய கதை."

ஐம்பது வயது வரை இந்த வாயை எதற்குப் பயன்படுத்தினேன்?

20 செப்டம்பர்

அழுக்கு வேட்டியோடு திருச்செங்கோடு போனேன். கையில் ஒன்றும் இல்லை. செங்கோடன் பட்டறையில் குந்திக்கொண்டு ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். தப்பு என்னுடையது, பொண்ணுக்குக் கல்யாணத்தில் மனசில்லை, அவள் கேட்டது வேலை பழக ஓர் இடம்.

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்தார்.

"ஏனுங்க, ஊட்டுக்காரி சொந்தமெல்லாம் கூப்புட்டுச் சொல்லிப்போட்டா. இப்ப என்ற மானம் எங்கீங்க போறது?"

"என் மேல போடுங்க. எருமப்பட்டி வெள்ளியங்கிரி இல்லாத பொல்லாததச் சொல்லி ஏமாத்திட்டான்னு சொல்லுங்க. ஒருத்தரும் மறுபேச்சுப் பேச மாட்டாங்க. அவ்வளவு நல்ல பேரு எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

மூலையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த கண்ணுசாமி நிமிராமலே சொன்னான்: "நெசந்தானுங்கப்பா. அந்தப் புள்ள அன்னைக்கு என்னையப் பாக்கவே இல்லை. மோட்டாரத்தான் கேட்டுக்கிட்டு நின்னுது."

செங்கோடன் கையைத் துடைத்துக்கொண்டார். "இனி இங்க வந்தா ஊரு நாலு விதமாப் பேசும். சேலம் செவ்வாய்ப்பேட்டைல உண்ணாமலைன்னு ஒரு அம்மா. புருஷன் போனப்பறம் அவங்கதான் பட்டறைய நடத்தறாங்க. பொம்பளைங்களும் காயில் சுத்தறாங்க. என்ற பேரச் சொல்ல வேண்டாம். நீங்க அந்தப் பக்கமே போக வேண்டாம். புள்ளையவே கேக்கச் சொல்லுங்க."

படி இறங்கும்போது கூப்பிட்டார். "பேரிங் விசயம் அது சொன்னது சரிதானுங்க."

ஊருக்கு வந்ததும் அக்காவிடம் மட்டும் செவ்வாய்ப்பேட்டை விவரத்தைச் சொன்னேன்.

23 செப்டம்பர்

திருச்செங்கோட்டிலிருந்து ஆள் வந்து சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சொல்லிக்கொடுத்த காரணத்தையே சொன்னாராம்.

மச்சான் என் காட்டு வரப்புவரை வந்தார். உள்ளே கால் வைக்கவில்லை. "என்ற புள்ள பேர ரெண்டு ஊருல சிரிக்க வெச்சுட்ட. இனி என்ற படி ஏறாத, வெள்ளியங்கிரி."

மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. அக்கா கழுத்தில் அவர் தாலி கட்டிய நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

30 செப்டம்பர்

அக்கா யாருக்கும் தெரியாமல் வந்து சொல்லிவிட்டுப் போனாள். என் அக்கா சௌந்திரம் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நேற்று மச்சானிடம், "கல்யாணமும் நின்னு போச்சு. படிப்பும் நின்னா புள்ள ஊட்டுல உக்காந்து யாரு மூஞ்சியப் பாக்கும்?" என்று கேட்டாளாம். அவர் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு சேலம் போய்வந்திருக்கிறாள்.

மளிகை மூட்டையும் கைவண்டியுமாக அந்தச் சந்தில் நுழையவே முடியவில்லையாம். வசந்தாமணியே பட்டறைக்குள் போய்க் கேட்டாளாம்: "ஆறு வாரம் வேலை பழகோணுமுங்க. காயில் சுத்தத் தெரியும். வார்னிஷ் போடத் தெரியாதுங்க."

உண்ணாமலை அம்மா மேலும் கீழும் பார்த்தார்களாம். "திங்கக்கிழமை வா. பழைய பாவாடையா கட்டிக்கிட்டு வா, வார்னிஷ் பட்டா போகாது."

அவ்வளவுதான். முடிந்தது. நான் ஒரு தட்டும், ஒரு பட்டுத்துண்டும், ஒரு சின்னண்ணனும் கொண்டுபோய்க் கெடுத்த காரியம்.

5 அக்டோபர்

வசந்தாமணி சேலத்தில் அத்தாயி என்ற தூரத்துப் பெரியம்மா வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறாள்.

28 அக்டோபர்

தீபாவளி போனது. அக்கா வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. பாப்பாயி சுட்டதில் பாதியைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் கொண்டுபோகவில்லை.

20 நவம்பர்

ஆறு வாரம் முடிந்து ஊர் திரும்பிவிட்டாள் என்று சின்னண்ணன் சொன்னான். விரலெல்லாம் கறுத்துக் கிடக்கிறதாம். நான் போய்ப் பார்க்க முடியாது.

21 பிப்ரவரி 1982

மச்சான் மோட்டார் போன வாரம் புகைந்து நின்றுவிட்டது. பேரிங்தான், பிறகு காயில். மஞ்சள் காய்கிறது, வெங்காயம் வாடுகிறது. பட்டறைகளில் வேலை குவிந்து கிடக்கிறது, நாள் ஆகும் என்கிறார்கள். வசந்தாமணி மோட்டாரை வாசலில் இறக்கிப் பிரித்து, எரிந்த கம்பியை உரித்து, தானே புதிதாகச் சுற்றியிருக்கிறாள். செய்முறைத் தேர்வுக்கு வாத்தியார் அதையே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

இன்று கரண்டு வந்ததும் சுவிட்சைப் போட்டார்கள். நான் என் பக்கத்து வரப்பில் களை பிடுங்குகிறவன்போல் உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை எழுதுகிறேன். தண்ணீர் கிளம்பிய வேகத்தில் குழாய் கழன்று கொல்லிமலை உச்சியில் போய் விழுந்தது. மோகனூர்க் காவிரி வெட்கப்பட்டு ஒரு நாழிகை நின்றுவிட்டது. வானத்தில் போன கொக்கெல்லாம் நனைந்து வாத்தாக இறங்கின. கலெக்டர் ஜீப்பில் வந்து வசந்தாமணிக்கு மாலை போட்டார். மருதாசலம் மச்சான் வாய்க்காலில் கையை விட்டுப் பார்த்தார், முகத்தைக் கழுவினார், பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "தண்ணி வருது பாரு, மாப்பிள்ளை" என்றார்.

கலெக்டர் வரவில்லை. கொக்கு நனையவில்லை. காவிரி நிற்கவில்லை. தண்ணீர் எப்போதும் வருகிற அளவுதான் வந்தது.

கடைசியில் எழுதியது மட்டும் நடந்தது.