எல்லாமே பச்சை

4 ஆகஸ்ட் 2008, திங்கள்

காலையிலிருந்து சாரல். உத்தமபாளையத்தில் பஸ் ஏறும்போதே முக்காடு நனைந்தது, தேனி வந்தும் காயவில்லை. ஆபீசில் கரண்ட் கட். இனிமேல் க.க. என்றே எழுதுவேன், தினமும் முழுசாக எழுதக் கை வலிக்கிறது.

வேலை: போடி ஏலக்காய் ஏல ஆபீசுக்கு நாங்கள் எழுதிய புரோகிராமை பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியின் நாலாம் பதிப்பிலிருந்து அஞ்சுக்கு மாற்றுவது. சர்வர்காரர்கள் பழசை எடுத்துவிடப் போகிறார்களாம். முதலாளி சாமுவேல் அண்ணனுக்கு இருக்கும் ஒரே பெரிய வாடிக்கை இந்த ஏல ஆபீஸ். அவருக்கு இருக்கும் ஒரே ஆள் நான். முதலில் டெஸ்டுகளை மாற்றச் சொன்னார்.

ஓட்டினேன். ஒரே சிவப்பு. இதையெல்லாம் எழுதிய கண்ணன் பெங்களூர் போய்விட்டான். போன் போட்டால், "அப்ப ஓடுச்சுல்ல, அப்புறம் என்ன" என்கிறான். நன்றாக இருக்கட்டும்.

ராத்திரி அத்தாவுக்குச் சோறு வைத்துக்கொண்டே, டெஸ்ட் என்றால் என்னவென்று அம்மா கேட்டாள். புரோகிராமின் எல்லாப் பட்டனையும் தானாக அமுக்கிப் பார்த்து, சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு காட்டும் என்றேன். அதுவே பார்த்துக்கொண்டால் உனக்கு என்ன வேலை என்கிறாள்.

5, செவ்வாய்

வெயில். ஆடிக்காற்றில் ஜன்னல் கொக்கி பிய்ந்துவிட்டது. கயிறு கட்டியாச்சு.

டெஸ்டை ஓட்டும் கருவியே பழசு. புதுசை நெட்டிலிருந்து இறக்கி முடிக்கும் நேரம் க.க. மறுபடி முதலிலிருந்து. சா. அண்ணன் அடிக்கடி வந்து, சோறு வெந்ததா என்று பார்ப்பது போல எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். எரிச்சலாக வந்தது. சாயங்காலம் பாதி பச்சை.

வாங்க: நீல நூல், அத்தாவுக்கு பிரஷர் மாத்திரை, கொக்கி.

அத்தாவின் வண்டன்மேடு தோட்டத்து ஏலக்காய் வியாழன் போடி ஏலத்துக்குப் போகிறது. விலை பிடிக்கவில்லை என்றால் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த ஏலத்துக்கு நிறுத்தவும் செய்யலாம். அத்தா எப்போதும் பிரித்துக் கொடுக்கிற ஆள். பக்கத்துத் தோட்டத்துக் கோம்பைக்காரர் சுருளி மாமாவும் அப்படியே. ரெண்டு பேரும் ஒரே ஜீப்பில் போகிறார்கள்.

6, புதன்

மதியத்துக்குள் எல்லாமே பச்சை. நானே நம்பவில்லை. சா. அண்ணன் முட்டை போண்டா வாங்கி வந்தார். போண்டா வாயில் இருக்கும்போதே சர்வர்காரர்களைக் கூப்பிட்டு, இன்றைக்கே மாற்றிவிடச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஒரு உறுத்தல். இவ்வளவு சுலபமாக எனக்கு எதுவும் நடந்ததில்லை. வேண்டுமென்றே புரோகிராமில் ஒரு கணக்கைக் கெடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டினேன். பச்சை. இன்னொன்றைக் கெடுத்தேன். அதற்கும் பச்சை.

காரணம் கண்டுபிடித்தேன். பி.எச்.பி. நாலில், ஒன்றை இன்னொன்றில் போட்டால் நகல் எடுக்கும். அஞ்சில் எடுக்காது, அதே சரக்குக்கு இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான். கண்ணனின் டெஸ்ட், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் அதோடு ஒப்பிடும். இப்போது தன்னைத் தன்னோடேயே ஒப்பிட்டுப் பச்சை காட்டிக்கொண்டிருக்கிறது.

புரோகிராமிலும் இதே கூத்து, சரக்கைப் பிரிக்கும் இடத்தில். அஞ்சு மூட்டையில் மூன்றை விற்று ரெண்டை நிறுத்தினால், விற்றதும் ரெண்டு, நின்றதும் ரெண்டு என்று விழுகிறது. ஒரு மூட்டையைக் காணோம்.

சா. அண்ணனிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பழசுக்குத் திரும்ப முடியாது என்று சர்வர்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். நாளைக்கு ஒருநாள் மட்டும் ஏல ஆபீசில் கையால் எழுதிக்கொள்ளச் சொல்லலாம் அண்ணே என்றேன்.

"எல்லாம் பச்சைன்னு நாந்தானம்மா அவுக கிட்டச் சொன்னேன். இப்பப் போயி தப்புன்னு சொன்னா நீயும் நானும் இங்கன இருக்க மாட்டோம். வெளிய மூச்சு விடாத. ஒனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு. காலையில சரி பண்ணி ஏத்திரு."

7, வியாழன்

சாரல். முதல் பஸ். ஒரு வரியைத் திருத்தினால் போதும், திருத்திவிட்டேன். சர்வரில் ஏற்றப் போனால் நெட் இல்லை. ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். பிரவுசிங் சென்டரிலும் இல்லை. சா. அண்ணன் சி.டி.யில் போட்டுக்கொண்டு பைக்கில் போடிக்குக் கிளம்பினார். அங்கே போனால் அங்கே க.க. ஏல ஆபீசில் மட்டும் ஜெனரேட்டர் ஓடுகிறது. அங்கே போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். செய்ய ஒன்றுமில்லை. அழுகை வந்தது.

அத்தாவுக்குப் போன் போட்டேன். இன்றைக்குச் சரக்கைப் பிரிக்க வேண்டாம், கொடுத்தால் முழுசாகக் கொடுங்கள் என்றேன். ஏன் என்றார். சும்மாதான் என்றேன். பக்கத்தில் சுருளி மாமா இருமுவது கேட்டது. அவரிடமும் சொல்லுங்கள் என்று நாக்கு வரை வந்தது. சொன்னால் ஏன் என்று அவர் கேட்பார், நாலு பேர் கேட்பார்கள். வைத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு சா. அண்ணன் போன், ஏற்றியாச்சு என்று. அதற்குள் ஏலம் முடிந்து ஜீப்புகள் எல்லாம் திரும்பிவிட்டன.

வீடு. அத்தா சந்தோஷமாக இருந்தார். முழுசாகக் கொடுத்தாராம், நல்ல விலையாம். சுருளி மாமா பிரித்திருக்கிறார். அஞ்சு மூட்டை. மூன்று விற்றது. கம்ப்யூட்டர் சீட்டில் ரெண்டு, ரெண்டு. ஏல ஆபீஸ் கேட்டில் சரக்கை இறக்கும்போது கொடுத்த வரவுச் சீட்டை மாமா காட்டினாராம், அதில் கையால் அஞ்சு என்று எழுதியிருக்கிறது. கை தப்பும், கம்ப்யூட்டர் தப்பாது என்று சொல்லிவிட்டார்களாம். மாமா விடாமல் சத்தம் போட்டாராம்.

அப்புறம் என்ன ஆச்சு என்றேன்.

"நாந்தான் சமாதானம் பண்ணுனேன். ஏப்பா சுருளி, இது எம் மக ஆயிஷா பாக்குற கம்ப்யூட்டருப்பா, தப்பா வராதுன்னேன். ஒன் பேரச் சொன்னதும் மனுசன் அப்பிடியே அடங்கிட்டாரு. அப்பன்னா நாந்தான் தப்பா எண்ணிட்டேன் போலன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு."